தங்கமலர் நகர்: இன்றைய தோற்றம்

பிள்ளைப்பாக்கம் மாதா கோயில் தெருவில் மெர்சிகள் மூன்று பேர் உண்டு. ஆனால் வெளியூர்க்காரர் யாராவது வந்து மெர்சி வீடு எது என்று கேட்டால், எந்த மெர்சி என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. மழை பிடித்தால் மொட்டை மாடிக்குப் போய்த் தெற்கே பார்த்துக்கொண்டு நிற்பாளே, அவளா என்று கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பைத்தியம் இல்லை, பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிற பெண்தான் என்று கூடவே ஒரு நற்சான்றும் கொடுப்பார்கள். தெற்கே என்ன இருக்கிறது, அவள் ஏன் அங்கே பார்க்கிறாள் என்பதெல்லாம் ரொம்ப நாள் தெருவுக்குத் தெரியாது.

ஒரகடத்தைச் சுற்றிக் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மெர்சி ப்ளஸ் டூ முடித்தாள். ஊரிலுள்ள பெண்பிள்ளைகளை எல்லாம் விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. இவளும் ஒரு கம்பெனியில் தேர்வாகி, மருத்துவப் பரிசோதனை வரைக்கும் போனாள். டாக்டர் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வீசிங் இருக்கிற பெண்ணுக்கு லைனில் நிற்கிற வேலை சரிப்படாது என்று எழுதிவிட்டார். தோழிகள் யூனிபாரம் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவதைப் பார்க்கப் பிடிக்காமல் காலையில் ஜன்னலைச் சாத்திவைத்துக்கொண்டு கிடந்தாள். அதைப் பார்த்துச் சகிக்காத அவள் அம்மா, ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, செருப்புக் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள்.

அங்கே பாடம் எடுத்த பாண்டுரங்கன் சார் ஒருநாள் ஒரு சின்ன வித்தை காட்டினார். ஒரே அளவில் இரண்டு படங்கள். திரையில் ஒரு படம்தான் தெரியும். அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோனால் அது மறைந்து மற்றது வரும். அம்புக்குறியை எடுத்தால் பழையது திரும்பிவிடும். நாலு வரி ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். மெர்சி அன்று மாலையே அணைந்த மெழுகுவர்த்தி ஒன்று, எரிகிற மெழுகுவர்த்தி ஒன்று என்று இரண்டு படம் பிடித்து, அம்புக்குறி பட்டால் திரி பற்றிக்கொள்கிற மாதிரி ஒரு பக்கம் செய்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது, இருந்தாலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மெர்சிக்கு அதில் பிடித்த விஷயம் ஒன்று இருந்தது. எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டருக்கு இதில் வேலையே கிடையாது. எழுதி அனுப்பிவிட்டால் போதும், பார்க்கிறவருடைய கம்ப்யூட்டரே படத்தை மாற்றும், நேரம் பார்க்கும், கணக்குப் போடும். வித்தை காட்டுகிறவள் இங்கே உட்கார்ந்திருக்க, வித்தை அவரவர் வீட்டு மேஜையிலேயே நடக்கும். கம்பெனி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு என்று சொல்லவேண்டியதில்லை.

தாண்டவராயன் அவளைத் தேடி வந்தது அப்போதுதான். முந்தின வருஷம் வரை மொபெட்டில் நெல் மூட்டைக்குத் தரகு பேசிக்கொண்டிருந்த மனுஷன், கம்பெனிகள் வந்ததும் நிலத் தரகராகி, அடுத்த தையில் வெள்ளைச் சட்டையும் வெள்ளைக் காரும் வாங்கி, புரமோட்டர் என்று போர்டு மாட்டிக்கொண்டார். ஊருக்குத் தெற்கே ஏரிக்குக் கீழே கலங்கல் ஓடை போகிறது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கலில் வழிந்து அந்த ஓடை வழியாகத்தான் ஓடும். ஓடையை ஒட்டி இருந்த நஞ்சையை வாங்கி, மண் அடித்து, கல் நட்டு, முகப்பில் ஒரு ஆர்ச்சையும் கட்டி, தங்கமலர் நகர் என்று பெயர் வைத்திருந்தார். அங்கே தங்கமும் கிடையாது மலரும் கிடையாது, கோரைதான் உண்டு. அதற்கு ஒரு இணையப் பக்கம் வேண்டும் என்றார்.

மெர்சி மனைப் பிரிவு வரைபடத்தை அப்படியே பக்கத்தில் வைத்தாள். எந்த மனையின் மேல் அம்புக்குறி போகிறதோ அந்த மனையில் ஒரு வீடு முளைக்கும். மாடி, பக்கத்தில் தென்னை மரம், வாசலில் கார். அம்புக்குறி நகர்ந்தால் மறுபடி வெறும் மண். புரமோட்டர் ஆபீசுக்கு வருகிற பெண்கள் மௌஸைப் பிடித்தால் விடமாட்டார்கள், புருஷன்காரர் பிடுங்கித்தான் வைக்கவேண்டும். தாண்டவராயன் அதைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பார்.

அரபு நாடுகளில் இருந்தும் சிங்கப்பூரில் இருந்தும் போன் செய்கிறவர்கள் எல்லோரும், மனை இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். அதற்காக ‘இன்றைய தோற்றம்’ என்று ஒரு பக்கம் உருவானது. மெர்சி தினமும் கேமராவை எடுத்துக்கொண்டு போய், ஆர்ச்சையும் அதற்குப் பின்னால் நீள்கிற தார்ச் சாலையையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுவாள். கோடை முழுக்கப் பிரச்சினை இல்லை. ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழை பெய்தது. மூன்றாம் நாள் அவள் எடுத்து வந்த போட்டோவில் சாலையே இல்லை. பழுப்பு நிறத் தண்ணீரில் கல்லெல்லாம் முழுகி, ஆர்ச் மட்டும் நின்றுகொண்டிருந்தது.

தாண்டவராயன் கோபப்படவில்லை.

“இது நாலு நாள்ல வடிஞ்சிடும் மெர்சி. வடியப் போற தண்ணிய ஒலகத்துக்கே காட்டணுமா இன்னா? கோடையில புடிச்சது ஒண்ணு இருக்கும் பாரு, அத்தப் போட்டு வுடு.”

அவர் கேட்டது ஒரே ஒரு பழைய போட்டோதான். அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அங்கேதான் அவளுக்குள் இருந்த கெட்டிக்காரி தலையெடுத்தாள். ஒரே போட்டோவை நாள்முழுக்க வைத்தால் ஆட்கள் கண்டுபிடித்துவிடமாட்டார்களா? சித்திரையில் ஒரே நாளில் விடிகாலை, முன்பகல், உச்சி, சாயங்காலம், விளக்குப் போட்ட பிறகு என்று அவள் எடுத்து வைத்திருந்த படங்கள் இருந்தன. பார்க்கிறவருடைய கம்ப்யூட்டரில் என்ன நேரம் என்று ஸ்கிரிப்ட் கேட்டுக்கொள்ளும். காலை என்றால் இளவெயில், மாலை என்றால் நீண்ட நிழல், இரவு என்றால் ஆர்ச்சில் ட்யூப்லைட். படத்துக்குக் கீழே அன்றைய தேதியை அதுவே எழுதிக்கொள்ளும். உலகத்தின் எந்த மூலையில் இருந்து எந்த நாளில் திறந்தாலும் தங்கமலர் நகர் அன்றைக்குத்தான் எடுத்த மாதிரி காய்ந்து, பளிச்சென்று இருக்கும்.

இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. பசிக்காகச் செய்தாள், பயந்து செய்தாள் என்று வக்காலத்து வாங்கவும் இடமில்லை. செய்ய முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காகச் செய்தாள். முடித்துவிட்டுத் தாண்டவராயனைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டர் கடிகாரத்தை முன்னும் பின்னும் திருகி, வெயில் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டினாள். அவர் பக்கத்துக் கடையில் இருந்து ஆளைக் கூட்டி வந்து காட்டினார். அன்று மெர்சி வீட்டுக்குத் திரும்பும்போது அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

கொஞ்ச காலத்தில் மனைகள் தீர்ந்துபோயின. முன்வரிசை மனைகளை வாங்கியவர்கள் எல்லாம் வாங்கிப் போட்டுவிட்டுப் போனவர்கள், யாரும் வீடு கட்டவில்லை. பின்வரிசையில், ஏரிக்கரை ஓரமாகத்தான் ஒன்றிரண்டு வீடுகள் எழும்பின. தாண்டவராயன் அடுத்த லேஅவுட்டுக்குப் போனார், அதற்குப் பிறகு கம்பெனிகளுக்குத் தண்ணீர் லாரி விடப் போனார். மெர்சி பள்ளிக்கூட ஆபீசுக்குப் போனாள். பக்கம் மட்டும் எங்கும் போகவில்லை. விடிந்தால் இளவெயிலையும் பொழுது சாய்ந்தால் நிழலையும் யாரும் கேட்காமலே காட்டிக்கொண்டிருந்தது.

மெர்சி வீட்டுப் பின்கட்டுக்கு இசக்கிசெல்வி குடிவந்தது அதற்குப் பிறகு. சாத்தான்குளம் பக்கத்துப் பெண், கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருக்கவில்லை. புருஷன் அருள்பாண்டி ஒரகடத்தில் கார்ப் பாகம் செய்கிற கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். செல்வி வந்த வாரமே மெர்சியின் அம்மாவை யம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஊரில் இருந்து வருகிற கருப்பட்டியில் பாதி முன்கட்டுக்கு வந்துவிடும். மார்கழிப் பனியில் மெர்சிக்கு மூச்சு இழுக்கும்போது, செல்வி எழுந்து வந்து வெந்நீர் போட்டுக் கொடுத்து, முதுகை நீவிவிட்டுக்கொண்டே ஊர்க்கதை சொல்லுவாள். கூடப் பிறந்த பெண் இல்லாத மெர்சிக்கு அவள்மேல் உயிர். லேகா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையை முதலில் கையில் வாங்கியவளும் மெர்சிதான்.

குழந்தைக்கு மொட்டை போட வல்லக்கோட்டைக்குப் போய்விட்டு வந்த மறுநாள், அருள்பாண்டி இனிப்புப் பெட்டியோடு முன்கட்டுக்கு வந்தான். ஒருத்தர் வாங்கிப்போட்டிருந்த மனையைக் கைமாற்றி வாங்கியாயிற்று, பத்திரமும் பதிந்தாயிற்று என்றான். எங்கே என்று மெர்சி சிரித்துக்கொண்டே கேட்டாள். தங்கமலர் நகர், பின்வரிசை என்றான்.

மெர்சி கையில் எடுத்த மைசூர்பாகை வாயில் வைக்கவில்லை.

அவன் விவரமாகச் சொன்னான். யார் பேச்சையும் நம்பி இறங்கவில்லை. நேரில் போய்ப் பார்த்தது ஒரு வெயில் நாளில், மழைக்குத் தண்ணீர் நிற்கிறதா என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அந்த மழைக்காலம் முழுக்க ‘இன்றைய தோற்றம்’ பார்த்திருக்கிறான். மழை விட்ட நாளெல்லாம் ஷிப்டுக்குப் போகும்போது பார்ப்பான், முடிந்து வரும்போதும் பார்ப்பான்.

“காலையில பாத்தா காலை வெயிலு, சாயங்காலம் பாத்தா சாயங்கால வெயிலு. மறைக்க ஒண்ணுமில்லாதவன்தான் இப்படிப் போடுவான் மெர்சி. ஒரு நாளாவது தண்ணி நிக்கணுமே? நிக்கல.”

தான்தான் அதை எழுதினேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் அவன் திட்டியிருப்பான், செல்வி ரெண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். மெர்சிக்கு அந்த ரெண்டு நாளே பெரிதாகத் தெரிந்தது. “பேஸ்மட்டம் மட்டும் நல்லா ஒசத்திக் கட்டுங்கண்ணா. மழையில கொஞ்சம் தண்ணி வரும்” என்றாள். உண்மையில் பாதியைத்தான் சொன்னோம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

மறுநாள் தாண்டவராயனைத் தேடிப் போய், அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டாள். அவருக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே மறந்துபோயிருந்தது. அதைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி சென்னையில் இருக்கிறது, மகன்தான் எல்லாம், அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும், விற்று முடிந்த மனையை யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாஸ்வேர்டை எப்போதோ மாற்றியிருந்தார்கள். தான் செய்ததைத் தானே அழிக்க முடியாமல் மெர்சி வெறுங்கையோடு வந்தாள். அந்த வருஷ மழையில் இருந்துதான் மாடிக்குப் போய்த் தெற்கே பார்க்க ஆரம்பித்தாள்.

அருள்பாண்டி கத்தாருக்குப் போனான். வீடு எழும்பியது. அவள் சொன்னபடி பேஸ்மட்டத்தை உயர்த்தியே கட்டியிருந்தான். மாடிப் படி வெளியே, மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவர் இன்னும் பூசவில்லை. செல்வியும் லேகாவும் அங்கே குடிபோனபோது மெர்சி பால் காய்ச்சப் போய், சுவரையும் ஏரிக்கரையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு வந்தாள். அடுத்து வந்த மழைகள் சாதுவாகவே போயின. சாலையில் கணுக்கால் அளவு நிற்கும், வடியும். சொல்லாமல் விட்டதும் நல்லதுக்குத்தான் என்று மெர்சி தன்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆனால் வானம் இருண்டால் அவள் மாடிக்குப் போவது நிற்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து நவம்பரில் மழை வேறு மாதிரி வந்தது. ஏரி நிரம்பிக் கலங்கல் ஓடியது. தண்ணீர் செல்வி வீட்டுப் படி வரைக்கும் ஏறியபோது மெர்சி தன் தம்பி இனியவனை அனுப்பி இருவரையும் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். தண்ணீர் இறங்கிய பிறகும் அனுப்பவில்லை. இன்னும் ரெண்டு நாள், இன்னும் ரெண்டு நாள் என்று நிறுத்திவைத்தாள். செல்விக்குக் கூச்சமாக இருந்தது, புதுவீட்டைப் பூட்டிப்போட்டுவிட்டு அடுத்த வீட்டுச் சோற்றைச் சாப்பிடுவதா என்று. மெர்சி ஏரிக்கரை நிலைமையைச் சொல்லுவாள். பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள்.

டிசம்பர் ஒன்றாம் தேதி விடியும்போதே மழை. அம்மாவின் சர்க்கரை மாத்திரை தீர்ந்துவிட்டதென்று மெர்சி குடையோடு ஸ்ரீபெரும்புதூருக்குப் போனாள். திரும்பும்போது பஸ் இல்லை, நெடுஞ்சாலையில் லாரிகள் அப்படியே நின்றிருந்தன. முழங்கால் தண்ணீரில் நடந்து, நின்று, மூச்சு வாங்கி, அவள் வீடு வந்து சேரும்போது இருட்டிவிட்டது. கரண்ட் காலையிலேயே போயிருந்தது. அம்மா மெழுகுவர்த்தியோடு வாசலில் நின்றாள். பின்கட்டில் சத்தமே இல்லை.

“செல்வி எங்கம்மா?”

அம்மா சொன்னாள். நாலரை மணி வாக்கில் அருள்பாண்டி போன் செய்திருக்கிறான். டிவியில் என்னென்னவோ காட்டுகிறார்களே என்று பயந்து, மனைப் பக்கத்தைப் போனிலேயே திறந்து பார்த்திருக்கிறான். சாலை காய்ந்து கிடக்கிறது, இன்றைய தேதியோடு இருக்கிறது, டிவிக்காரன் பெரிதுபடுத்துகிறான், போய் பீரோவில் இருக்கிற பத்திரத்தை எடுத்துக்கொண்டு, கீழே இருக்கிற சாமானைக் கொஞ்சம் மேலே ஏற்றிவைத்துவிட்டு வா என்று சொல்லியிருக்கிறான். மெர்சி வரட்டும் என்று அம்மா தடுத்திருக்கிறாள். “அவுகளே பாத்துட்டாகளே யம்மா, நான் ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன்” என்று சொல்லி, ஒற்றைக் குடையில் லேகாவையும் கூட்டிக்கொண்டு செல்வி கிளம்பிவிட்டாள்.

மெர்சி செல்வி எண்ணுக்குப் போட்டாள், மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அருள்பாண்டி எண்ணுக்குப் போட்டாள். சிக்னல் வருவதும் போவதுமாக இருந்து, ஒருவழியாகக் கிடைத்தது.

“அண்ணா, நான் மெர்சி. நீங்க பாத்த பக்கம் இப்ப கையில கீதா?”

இருக்கிறது, இப்போதுகூட அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றான். அவன் குரல் நிம்மதியாக இருந்தது.

“அதுல வெயில் அடிக்குதா?”

“ஆமா, நல்ல வெயிலு. ஆர்ச்சு நெழலு நீளமா விழுந்து கெடக்கு.”

“இங்க இருட்டிப்போச்சுண்ணா. காலையிலேர்ந்து மழை வுடல.”

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிறகு மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த நேரம் இந்த ஊர் நேரம் இல்லை, உங்கள் போனில் இருக்கிற நேரம். உங்கள் ஊரில் இன்னும் சாயங்காலம், அதனால் அது சாயங்காலப் படத்தைக் காட்டுகிறது. தேதியும் உங்கள் போனில் இருக்கிற தேதிதான். படம் எட்டு வருஷத்துக்கு முந்தின சித்திரையில் எடுத்தது. எடுத்தது நான், அதை இப்படி எழுதி வைத்தது நான்.

அவன் திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவன் திட்டவில்லை.

“பத்திரத்த எடுக்கச் சொன்னது நாந்தான” என்றான். “நீங்க போங்க. போயி ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருங்க” என்றான். அதோடு தொடர்பு அறுந்தது.

இனியவனைக் கூட்டிக்கொண்டு மெர்சி தெற்கே ஓடினாள். ஊர் எல்லையிலேயே ஆட்கள் நின்றார்கள். கலங்கலை ஒட்டிக் கரை உடைந்து கொஞ்ச நேரம் ஆகிறது என்றார்கள். டார்ச் வெளிச்சத்தில் சாலை இருந்த இடத்தில் தண்ணீர் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. ஆர்ச்சின் மேல்பாதிதான் தெரிந்தது. இனியவன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான், கால் தரிக்கவில்லை, இழுத்துப் போட்டார்கள். இன்னொருவர் இறங்கினார், அவரும் திரும்பினார். மெர்சி செல்வி பெயரைச் சொல்லிக் கத்தினாள். நெஞ்சு இழுத்துக்கொண்டது, குரல் எழும்பவில்லை. இருட்டுக்குள் ஏதாவது வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். எதுவும் தெரியவில்லை. தீயணைப்புக்காரர்கள் வர வழி இல்லை, வெளிச்சம் வந்தால்தான் ஏதாவது செய்ய முடியும் என்று சொல்லிவிட்டார்கள்.

விடிந்ததும் பழைய இரும்புக் கடையில் கிடந்த நீல நிற கெமிக்கல் பீப்பாய்களைக் கட்டி, மேலே கதவுப் பலகையைப் போட்டு, ஊர்ப் பையன்கள் தள்ளிக்கொண்டு போனார்கள். பின்வரிசையில் அருள்பாண்டி வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவில், குடைக்குக் கீழே லேகா உட்கார்ந்திருந்தாள். தனியாக இருந்தாள்.

இனியவன் அவளைத் தூக்கிவந்து மெர்சியின் கையில் கொடுத்தான். பிள்ளை விறைத்துப்போயிருந்தது. துவட்டி, போர்வையைச் சுற்றி, சூடாகப் பால் கொடுத்த பிறகுதான் வாயைத் திறந்தது. வீட்டுக்குப் போனபோது தரையில் கொஞ்சம்தான் தண்ணீர். சாமானை ஏற்றிவைத்துக்கொண்டிருக்கும்போது வெளியே பெரிய சத்தம் கேட்டிருக்கிறது. செல்வி லேகாவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். “அப்பா பத்திரம் எடுக்கச் சொன்னாங்கல்ல, அத எடுத்துட்டு வந்துர்றேன், நீ நகராம இருன்னு சொல்லிட்டு அம்மா கீழ போச்சு. இன்னும் வரல பெரியம்மா.”

முற்பகலில் செல்வி கிடைத்தாள். ஓடைக்கரையில் வேலிக்காத்தான் புதரில் புடவை மாட்டி உடல் நின்றிருந்தது. மெர்சியைப் பார்க்க விடவில்லை, ஆனாலும் பார்த்தாள். தன் முதுகை நீவிவிட்ட கை எது என்று அவள் தேடித் தேடிப் பார்த்தாள். எவ்வளவு நேரம் அங்கே நின்றாள் என்று தெரியவில்லை, இனியவன்தான் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

செல்வி பின்கட்டில் கிடத்தப்பட்டிருந்தாள். தெருவே அங்கே நின்றது. லேகா முன்கட்டில் மெர்சி பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா செத்துப்போனது அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அழவில்லை, எல்லோர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிக்னல் வந்ததும் மெர்சியின் போன் அடித்தது. சத்தம் சரியாகக் கேட்கவில்லை என்று அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

அருள்பாண்டிக்கு யாரோ ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்கள். அழுது முடித்த குரல். விமானம் இறங்க வழி இல்லையாம், ஓடுபாதையில் தண்ணீராம், எப்போது வரமுடியும் என்று தெரியவில்லை என்றான். பிள்ளை சாப்பிட்டதா என்று கேட்டான். பிறகு நிறுத்தி நிறுத்திக் கேட்டான்.

“மேல ஏறினவ கீழ எதுக்கு எறங்குனா மெர்சி? நான் சொன்னதுக்காகவா?”

அவனுக்கு உண்மையைச் சொன்னால் மிச்ச காலத்தை எப்படி வாழ்வான் என்று அவள் நினைத்தாள். ஒருவன் வெளிநாட்டில் தனி அறையில் கயிற்றைத் தேடுவது அவள் கண்ணில் வந்துபோனது. எதையாவது அந்த இடத்தில் வைக்கவேண்டும், உடனே வைக்கவேண்டும். கை தானாகப் பழைய வேலைக்குப் போனது.

“இல்லண்ணா. பத்திரத்துக்காக இல்ல. புள்ள ஸ்கூல் பையி கேட்டு அழுதிச்சாம். அத்த எடுக்கத்தான் எறங்கினா.”

சொல்லி முடித்த பிறகுதான் பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். லேகா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுகூட ஆகாத பிள்ளை, தான் செய்யாத தப்பை யாரோ தன்மேல் போட்டதுபோல மிரண்டுபோயிருந்தது.

“நான் பையே கேக்கலையே பெரியம்மா” என்றாள்.

போனில் அந்தப் பக்கம் அருள்பாண்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.